சுரங்கவழியில் போகும் கேள்வி

பிள்ளைகளே, மாத்தளைப் பக்கத்து உக்குவளையில் என் அக்கா வீடு இருக்கிறது. அங்கே போனால் அக்காவின் மகள் என்னைச் சும்மா இருக்க விடமாட்டாள். தரம் எட்டில் படிக்கிறாள். போன விடுமுறையில் நான் பையை இறக்கி வைக்கும் முன்பே ஒரு கேள்வியோடு வந்து நின்றாள்.

"மாமா, எங்க ஸ்கூல் கம்பியூட்டர் ரூம்ல எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் முதல்ல வெள்ளையாவே நிக்குது. ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு எண்ணினா சரியா அஞ்சுல வருது. அப்புறம் மடமடன்னு வந்துடும். ஆனா சில படங்கள் மட்டும் இன்னொரு அஞ்சு எண்ணின பிறகுதான் வரும். கொஞ்ச நேரம் கழிச்சு அதையே திறந்தா எல்லாம் உடனே வருது. இன்டர்நெட் ஸ்லோன்னா எல்லாமே ஸ்லோவா இருக்கணும்தானே?"

அவள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? எண்ணியிருக்கிறாள். "ரொம்ப நேரம் ஆகுது" என்று எல்லோரும் சொல்வார்கள். "ஐந்து" என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு முறையும் அதே ஐந்து என்றால் அது வீதி நெரிசல் போன்ற தாமதம் அல்ல. நெரிசலில் ஒரு நாள் மூன்று வரும், ஒரு நாள் ஒன்பது வரும். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், எங்கோ யாரோ மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த யாரோ யார் என்று பார்ப்போம். அதற்கு முன் பெயர்களின் கதை.

நாம் இணையத்தில் ஓர் இடத்துக்குப் போக அதன் பெயரைத் தட்டுகிறோம். கணினிக்கோ பெயர் தெரியாது. அதற்கு எண் வேண்டும். ஐபி முகவரி என்று உங்கள் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் வருமே, அதுதான். பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கிய பிறகுதான் கணினி முதல் அடியே எடுத்து வைக்கும். எண் கிடைக்கும் வரை திரை வெள்ளையாகவே இருக்கும். தளம் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் சரி, உங்கள் இணைப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி, எண் வராமல் ஒன்றும் நடக்காது.

ஆரம்ப காலத்தில் இது சுலபமாக இருந்தது. உலகத்தில் வலையமைப்பில் சேர்ந்த கணினிகள் சில நூறுதான். அவற்றின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் எழுதுவார்கள். மற்றவர்கள் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த பால் மொக்கபெட்ரிஸ் ஒரு புதிய முறையை வகுத்தார். எல்லாப் பெயர்களையும் ஒருவரே வைத்திருக்க வேண்டாம், ஆளுக்கொரு பங்கை வைத்திருக்கட்டும், யாரிடம் எது இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றார். அதுதான் ஆள்களப் பெயர் முறைமை. எல்லோரும் டிஎன்எஸ் என்பார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றும் அடிப்படை அதேதான்.

டிஎன்எஸ் ஒரு பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கும். கடிதம் எழுதும்போது நாம் முதலில் ஆளின் பெயர், பிறகு வீட்டு இலக்கம், தெரு, உக்குவளை, கடைசியில் மாத்தளை என்று எழுதுகிறோம். தபால் திணைக்களம் அதைக் கீழிருந்து மேலாகப் பார்க்கும். முதலில் மாத்தளை, பிறகு உக்குவளை, பிறகுதான் தெரு. டிஎன்எஸ்ஸும் அப்படித்தான். முடிவில் "டொட் எல்கே" என்று இருந்தால் அது இலங்கைப் பெயர். இந்த டொட் எல்கே 1990இல் நமக்குக் கிடைத்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று வாங்கித் தந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2010இல், "டொட் இலங்கை" என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களும் வந்தன. தளப் பெயர்களில் டிஎன்எஸ்ஸின் உள்ளே ஆங்கில எழுத்து, இலக்கம், சிறுகோடு இவை மட்டுமே ஓடும். ஆகவே நாம் தமிழில் தட்டும் பெயரைக் கணினி "எக்ஸ்என்" என்று தொடங்கும் ஒரு விசித்திரமான ஆங்கில எழுத்து வரிசையாக மாற்றித்தான் அனுப்புகிறது. ஒருநாள் ஆசிரியரிடம் சொல்லி அதைப் பார்த்துவிடுங்கள்.

சரி, பெயருக்கு எண்ணைத் தேடித் தரும் கணினியைச் சேவையகம் என்பார்கள். ஒரு சேவையகம் எந்த உதவியும் இல்லாமல் தானே எண்ணைத் தேடினால் எப்படிப் போகும்?

முதலில் ரூட் சேவையகத்திடம் போகும். ரூட் என்றால் வேர். உலகத்தில் ஏ முதல் எம் வரை 13 ரூட் பெயர்கள் உண்டு. ஏன் 13? டிஎன்எஸ் விடை ஆரம்பத்தில் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று விதி. அந்தச் சின்னப் பொட்டலத்துக்குள் 13 பெயர்களும் அவற்றின் எண்களும் அடங்கின. அவ்வளவுதான் காரணம். பெயர் 13 என்றாலும், அவற்றின் நகல்கள் இன்று உலகமெங்கும் 1,500க்கு மேல் இருக்கின்றன. ரூட் சேவையகம் நாம் கேட்ட எண்ணைச் சொல்லாது. "எல்கேயா? அதை வைத்திருப்பவர் இன்னார், அவரிடம் போ" என்று மட்டும் சொல்லும். எல்கேயை வைத்திருப்பவர் "நீ கேட்கும் நிறுவனத்தின் பெயர்களை வைத்திருப்பவர் இன்னார்" என்பார். மூன்றாவது ஆளிடம்தான் விடை இருக்கும். முன்பின் தெரியாத ஊரில் வழி கேட்டுப் போவது மாதிரி.

ஒவ்வொரு கேள்வியும் போய்வர நேரம் பிடிக்கும். எவ்வளவு? இதை நீங்களே கணக்குப் போடலாம். ஒளி வெற்றிடத்தில் செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் போகும். ஒளியிழைக் கேபிளின் கண்ணாடிக்குள் அதன் வேகம் ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டராகக் குறைந்துவிடும். ஒரு செக்கனில் ஆயிரம் மில்லிசெக்கன். ஆகவே ஒரு மில்லிசெக்கனுக்கு 200 கிலோமீட்டர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உக்குவளையிலிருந்து கொழும்புக்கு வீதி வழியாக சுமார் 150 கிலோமீட்டர். போய்வர 300. ஒன்றரை மில்லிசெக்கன். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். போய்வர 27 மில்லிசெக்கன். கலிபோர்னியா 14,000 கிலோமீட்டருக்கும் அப்பால். போய்வர 140 மில்லிசெக்கன். இது ஒளியால் முடிந்த மிகக் குறைந்த நேரம். உண்மையில் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை. கடலடியில் வளைந்து வளைந்து, பல நாடுகளில் கரையேறி இறங்கித்தான் போகின்றன. சீ-மீ-வீ என்ற வரிசையின் ஐந்தாவது கேபிள் நம் மாத்தறையில் கரையேறுகிறது. வழியிலுள்ள கருவிகள் வேறு கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆகவே உண்மையான நேரம் எப்போதும் இந்தக் கணக்கைவிடக் கூடத்தான்.

இப்போது ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். ரூட்டிடம் போய்வர 30 மில்லிசெக்கன், அடுத்தவரிடம் 60, கடைசி ஆள் அமெரிக்காவில் இருக்கிறார் என்று வைத்து 220. கூட்டினால் 310. கண்ணிமைக்கும் நேரம்தான். இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைக்காதீர்கள். ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால் படம் ஓரிடத்தில், எழுத்துரு ஓரிடத்தில், காணொளி ஓரிடத்தில் என்று பத்துப் பதினைந்து பெயர்களைத் தேட வேண்டிவரும். சில பெயர்கள் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் தெரியவரும். என் மருமகள் பார்த்த "இன்னொரு அஞ்சு" அதனால் வந்ததுதான். கணினி பக்கத்தை வாசித்த பிறகே "ஓ, இந்தப் படம் வேறு வீட்டில் இருக்கிறதே" என்று கண்டுபிடித்து, புதிதாக ஒரு பெயரை விசாரிக்கப் புறப்படுகிறது.

இந்த அலைச்சலைக் குறைக்கும் வழிதான் ஃபோர்வர்டிங். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிடுவதை ஃபோர்வர்ட் செய்வது என்கிறோமே, அதே சொல். பாடசாலையில் உள்ள சின்னச் சேவையகம் தானே ரூட் வரை அலையாமல், கேள்வியை ஒரு பெரிய சேவையகத்திடம் தள்ளிவிட்டு, "நீ தேடிச் சொல்" என்று காத்திருக்கும்.

உக்குவளைப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த நான் தூரம் போகத் தேவையில்லை. அவர்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் மகாவலி கங்கையை மறித்து ஓர் அணை கட்டியிருக்கிறார்கள். 1976இல் அது இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து மலையைக் குடைந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கவழி. மகாவலித் தண்ணீர் அந்த இருட்டுக்குள் ஓடிவந்து உக்குவளையில் வெளியே வருகிறது. மின்நிலையத்தில் சுழலிகளைச் சுற்றி 38 மெகாவாட் வரை மின்சாரம் தந்துவிட்டு, சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து, போவத்தென்னை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கவழியாகக் கலாவெவப் பக்கம் போகிறது. வடமத்திய மாகாணத்தில் வயலில் நிற்கும் விவசாயிக்குப் பொல்கொல்லை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் போதும். அது மலைக்கு அப்பாலிருந்து கையளிக்கப்பட்ட தண்ணீர்.

பாடசாலைக் கணினியும் அந்த விவசாயி மாதிரித்தான். அது தன் பக்கத்திலுள்ள சேவையகத்திடம் கேட்கும். அந்தச் சேவையகம் மேலே உள்ளவரிடம் கேள்வியைக் கையளிக்கும். விடை அதே வழியில் திரும்பி வரும். மேலே உள்ளவர் பெரும்பாலும் உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனத்தின் சேவையகம். அல்லது எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும் பொதுச் சேவையகம். 2009 டிசம்பரில் கூகுள் தொடங்கிய, நான்கு எட்டுகளை எண்ணாகக் கொண்ட சேவையகமும், 2018 ஏப்ரல் முதலாம் திகதி கிளவுட்ஃபிளேர் தொடங்கிய, நான்கு ஒன்றுகளை எண்ணாகக் கொண்ட சேவையகமும் அப்படிப்பட்டவை. எண் ஞாபகம் இருக்க வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

தள்ளிவிட்டால் மட்டும் எப்படி வேகம் வரும்? மேலே உள்ளவரும் அதே மூன்று பேரிடம்தானே அலைய வேண்டும்?

இங்கேதான் குடம் வருகிறது. தோட்டத்து லயங்களில் இருப்பவர்களுக்குப் பீலிக்கரை தெரியும். மலையிலிருந்து வரும் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவை தாகம் எடுக்கும்போதும் பீலிக்கு ஓடுவோமா? காலையில் ஒரு குடம் பிடித்து வைத்துக்கொள்வோம். டிஎன்எஸ் சேவையகமும் அப்படியே. ஒருமுறை கிடைத்த விடையைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த நினைவுக்குக் கேஷ் என்று பெயர். அடுத்தவர் அதே பெயரைக் கேட்டால் குடத்திலிருந்தே ஊற்றிக் கொடுத்துவிடும்.

இணைப்பு நிறுவனத்தின் பெரிய சேவையகத்தை நினைத்துப் பாருங்கள். நாடெங்கும் இலட்சக்கணக்கானவர்கள் அதனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் முதலாவது ஆள் பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தைக் கேட்ட கணமே விடை அதன் குடத்தில் விழுந்துவிடும். இரண்டாவது ஆளிலிருந்து எவரும் காத்திருக்க வேண்டியதில்லை. உக்குவளையிலுள்ள ஒரு பாடசாலைச் சேவையகம் ஃபோர்வர்ட் செய்யும்போது, அந்த இலட்சம் பேரின் நினைவையும் அது கடன் வாங்குகிறது. 310 மில்லிசெக்கன் அலைய வேண்டிய கேள்விக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிசெக்கனில் விடை வந்துவிடும். வந்த விடையைப் பாடசாலைச் சேவையகமும் தன் சின்னக் குடத்தில் ஊற்றி வைக்கும். அடுத்த மேசையில் இருக்கும் பிள்ளை அதே தளத்தைத் திறந்தால் ஒரு மில்லிசெக்கன்கூட ஆகாது. கேள்வி அறையை விட்டு வெளியே போகவே இல்லையே!

இந்த உவமையில் ஓரிடம் பொருந்தாது. தண்ணீரை ஊற்றினால் குடம் குறையும். விடையை எத்தனை பேருக்குச் சொன்னாலும் குறையாது. ஆனால் இன்னோரிடத்தில் நன்றாகவே பொருந்துகிறது. குடத்துத் தண்ணீரை நாள்கணக்கில் வைத்திருக்க முடியாது, ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு டிஎன்எஸ் விடையோடும் "இதை இத்தனை செக்கன் வைத்திருக்கலாம்" என்று ஓர் எண் சேர்ந்து வரும். டிடிஎல் என்பார்கள். சில தளங்கள் 300 என்று வைக்கும், அதாவது ஐந்து நிமிடம். சில 86,400 என்று வைக்கும். எத்தனை மணித்தியாலம் என்று வகுத்துப் பாருங்கள். ரூட் சேவையகம் எல்கே போன்ற பெயர்களுக்குத் தரும் விடையில் 1,72,800 செக்கன் என்று இருக்கும், இரண்டு முழு நாள். நாளுக்கு நாள் மாறாத செய்தியை நீண்ட நேரம் வைத்திருக்கலாம். அடிக்கடி மாறும் செய்தியைச் சீக்கிரம் கொட்டிவிட வேண்டும்.

இனி அந்த ஐந்து செக்கனுக்கு வருவோம்.

மறுநாள் மருமகளோடு பாடசாலைக்குப் போனேன். கணினிப் பாட ஆசிரியை அன்போடு அறையைத் திறந்து விட்டார். மூலையில் மேசைக்கடியில் ஒரு பழைய கணினி. அதுதான் அறைக்கே சேவையகம். கேள்வியை யாரிடம் தள்ளிவிட வேண்டுமோ அவர்களை ஃபோர்வர்டர்கள் என்பார்கள். அதில் அந்தப் பட்டியலைத் திறந்தோம். இரண்டு எண்கள் இருந்தன. மருமகள் ஒரு தாளில் இரண்டையும் எழுதிக்கொண்டாள். இரண்டாவது எண்ணுக்குக் கேள்வி அனுப்பினோம், உடனே விடை வந்தது. முதலாவது எண்ணுக்கு அனுப்பினோம். மௌனம். இன்னொரு முறை. மௌனம்.

ஆசிரியை யோசித்துச் சொன்னார். முன்பு வேறு ஓரிடத்திலிருந்து இணைப்பு எடுத்திருந்தார்களாம். பிறகு மாற்றிவிட்டார்கள். புதிய எண்ணைப் பட்டியலில் சேர்த்தவர்கள் பழைய எண்ணை நீக்க மறந்துவிட்டார்கள். அது இப்போது இந்த அறைக்கு ஆளில்லாத வீடு.

"அப்போ முதல்ல ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிக்குதா மாமா?"

அதேதான். அந்தச் சேவையகம் பட்டியலில் முதலில் இருப்பவரிடம் கேட்கும். விடை வராவிட்டால் ஐந்து செக்கன் காத்திருக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருந்தது. ஐந்து முடிந்த பிறகுதான் இரண்டாவது ஆளிடம் போகும். இரண்டாமவர் பன்னிரண்டு மில்லிசெக்கனில் விடை சொல்லிவிடுவார், அது குடத்துக்குள் போய்விடும். அதனால்தான் இரண்டாம் தடவை உடனே வந்தது. குடம் காலியானதும் மீண்டும் ஐந்து.

ஐந்து செக்கன் என்றால் 5,000 மில்லிசெக்கன். நமது கணக்கில் ரூட் வரை தானே போய்த் தேடினால்கூட 310தான். உதவிக்கு வைத்த ஃபோர்வர்டர், உதவி இல்லாமல் இருந்திருந்தால் ஆகும் நேரத்தைவிடப் பதினாறு மடங்கு தாமதத்தைத் தந்திருக்கிறது! பொல்கொல்லையில் சுரங்கவழியின் வாயை அடைத்துவிட்டால், மகாவலியில் எவ்வளவு வெள்ளம் ஓடினாலும் உக்குவளையில் சுழலி நின்றுவிடும் அல்லவா? அதுபோல.

ஆசிரியை முதல் வரியை அழித்தார். எல்லாக் கணினிகளையும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் திறந்தார்கள். மருமகள் "ஒன்னு" என்று தொடங்கினாள், "ரெண்டு" வருவதற்குள் பக்கம் வந்துவிட்டது.

இதைக் கேட்டு "ஃபோர்வர்டர் என்றாலே நல்லது, வேலை செய்யும் ஒன்றை வைத்தால் போதும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யாரை வைக்கிறோம் என்பதும் முக்கியம். பக்கத்தில் ஒரு நல்ல சேவையகம் இருக்க, கடல் தாண்டி வெகுதூரத்தில் உள்ள ஒன்றை வைத்தால், அதன் குடத்தில் விடை தயாராக இருந்தாலும் ஒவ்வொரு புதுக் கேள்விக்கும் அந்தத் தூரத்தைக் கடந்தே ஆக வேண்டும். ஒரு மில்லிசெக்கனுக்கு 200 கிலோமீட்டர் என்ற கணக்கை எந்த நிறுவனமும் மாற்ற முடியாது.

இதைவிட நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது. பெரிய தளங்கள் தங்கள் படங்களையும் காணொளிகளையும் உலகின் பல நகரங்களில் நகலெடுத்து வைத்திருக்கின்றன. கேட்பவருக்கு மிகப் பக்கத்தில் உள்ள நகலின் எண்ணைத்தான் விடையாகக் கொடுக்கும். கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று அவை எப்படி அறியும்? கேள்வியைக் கொண்டுவந்த சேவையகத்தின் இடத்தைப் பார்க்கும். உங்கள் ஃபோர்வர்டர் ஐரோப்பாவில் இருந்தால், நீங்களும் ஐரோப்பாவில் இருப்பதாக நினைத்து அங்குள்ள நகலின் எண்ணைத் தந்துவிடக்கூடும். எண் கிடைத்துவிடும், ஆனால் படம் மெதுவாக வரும். கேட்பவரின் இடத்தையும் கேள்வியோடு கொஞ்சம் சேர்த்தனுப்பும் ஒரு வழி பின்னாளில் வந்தது, ஆனால் எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. ஆகவே பக்கத்திலுள்ள ஃபோர்வர்டரே பெரும்பாலும் நல்ல தெரிவு என்பது என் கருத்து.

ஃபோர்வர்டர்களைச் சங்கிலியாக மாட்டுவதும் நல்லதல்ல. அறைச் சேவையகம் ரவுட்டரிடம் தள்ள, ரவுட்டர் இன்னொன்றிடம் தள்ள, அது மற்றொன்றிடம் தள்ள, ஒவ்வொரு கையும் கொஞ்சம் நேரம் எடுக்கும். சில இடங்களில் தவறுதலாக ஒரு சேவையகம் மற்றதிடமும், மற்றது திரும்ப முதலாவதிடமும் தள்ளும்படி அமைத்துவிடுகிறார்கள். கேள்வி பந்து மாதிரி இருவருக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கும். விடை வரவே வராது.

பாடசாலைக்குள் மட்டும் வழங்கும் பெயர்களும் உண்டு. நூலகக் கணினிக்கு ஒரு பெயர், அச்சுப்பொறிக்கு ஒரு பெயர் என்று வைத்திருப்பார்கள். இவற்றை அறைச் சேவையகம் தானே தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அதையும் மேலே தள்ளிவிடும். உக்குவளையில் ஒரு பாடசாலையின் அச்சுப்பொறியை வெளியே எவருக்குத் தெரியும்? கேள்வி ரூட் வரை போய் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற விடையோடு திரும்பி வரும். ரூட் சேவையகங்களுக்கு வரும் கேள்விகளில் பெரும்பங்கு இப்படி இல்லாத பெயர்களைத் தேடி வருபவைதான். வீட்டுக்குள் இருக்கும் கத்தரிக்கோலைத் தெருவெல்லாம் விசாரிப்பது போன்ற வேலை அது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் ஃபோர்வர்டருக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு பெயரையும் அதனிடம்தானே கேட்கிறீர்கள். வேகத்தை மட்டும் பார்த்து முன்பின் தெரியாத ஒரு சேவையகத்தின் எண்ணை யாரோ சொன்னார்கள் என்று போட்டுவிடக் கூடாது. நம்பிக்கையானவரா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் முறை. பாடசாலையில் லினக்ஸ் கணினி ஒன்று இருந்தால் ஆசிரியரின் துணையோடு "டிக்" என்ற கட்டளையைத் தட்டி, பக்கத்தில் ஒரு தளத்தின் பெயரை எழுதுங்கள். அதிகம் பேர் போகாத ஒரு தளமாகத் தேர்ந்தெடுங்கள். விடையின் அடியில் கேள்விக்கு எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று காட்டும். குறித்துக்கொள்ளுங்கள். விடையின் நடுவே பெயருக்கு அடுத்ததாக ஓர் எண் இருக்கும், அதுதான் டிடிஎல். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இருபது செக்கன் பொறுத்து அதே கட்டளையை மறுபடி தட்டுங்கள். நேரம் சட்டென்று குறைந்திருந்தால் விடை குடத்திலிருந்து வந்திருக்கிறது. டிடிஎல் எண்ணிலும் இருபது குறைந்திருக்கும். குடத்துத் தண்ணீருக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, நீங்கள் அதைக் கண்ணால் பார்க்கிறீர்கள்.

பத்துத் தளங்களுக்கு இப்படிச் செய்து, முதல் தடவை நேரம், இரண்டாம் தடவை நேரம், டிடிஎல் என்று மூன்று நிரல் போட்டு அட்டவணை எழுதுங்கள். காலையில் ஒருமுறை, பாடசாலை விடும் நேரத்தில் ஒருமுறை. எங்கேயாவது மூன்று செக்கனோ ஐந்து செக்கனோ மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஃபோர்வர்டர் பட்டியலில் ஆளில்லாத வீடு ஒன்று இருக்கக்கூடும். உங்கள் அட்டவணையை எனக்கு அனுப்பி வையுங்கள். உக்குவளையிலிருந்து முதல் அட்டவணை ஏற்கெனவே வந்துவிட்டது.